கடைக்குப் போன மகள்

1

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மூன்று வாரமாக ஒரு படிவம் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஊர் நகராட்சியின் குப்பைத் துறை அனுப்பியது. அதில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: 'இந்த முகவரியில் நிரந்தரமாக வசிப்பவர்கள் எத்தனை பேர்?' பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் ஓர் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஜெர்மனியின் வடக்கே ஒரு சிறிய ஊரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். இங்கே வீட்டில் எத்தனை தலையோ அதற்குத் தக்க அளவில்தான் வாசலில் குப்பைத் தொட்டி வைப்பார்கள். எங்கள் வாசலில் நிற்பது இரண்டு பேருக்கான தொட்டி. என் மகள் கயல் போன செப்டம்பரில் படிப்புக்காக நான்கு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் வேறோர் ஊருக்குப் போய்விட்டாள். போன முதல் வாரமே அங்கே தன் பெயரைப் பதிந்துகொண்டாள். அங்கே பதிந்தால் இங்கே தானாக நீங்கிவிடும். அந்தச் செய்தி குப்பைத் துறைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால்தான் படிவம். கட்டத்தில் ஒன்று என்று எழுதினால் ஒரு நாள் காலையில் வண்டி வந்து பெரிய தொட்டியை எடுத்துக்கொண்டு சின்னத் தொட்டியை வைத்துவிட்டுப் போகும்.

"ஒரு எண் எழுதறதுக்கு எதுக்குமா மூணு வாரம்?" என்று கயல் கேட்கிறாள். ஜெர்மன் மொழியில்தான் கேட்கிறாள். நான் தமிழில் பேசுவேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். பத்து வயதுவரை தமிழில்தான் பேசினாள். எந்த நாளில் மாறினாள் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

அவள் கேட்பது நியாயம்தான். நான் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்த மாதிரிகளுக்குப் பெயர் ஒட்டுகிறவள். யார் பெயர் எந்தக் குப்பியில் இருக்க வேண்டும் என்பதில் மயிரிழை பிசகினாலும் நானே சண்டைக்குப் போவேன். அப்படிப்பட்டவள் ஒரு குப்பைத் தொட்டி விஷயத்தில் நகராட்சிக்கு மூன்று வாரமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் போன வருடம் அண்ணனூரில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2

போன வருடம் அப்பாவின் திதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது. அம்மா சென்னைக்குப் பக்கத்தில் அண்ணனூரில் தனியாக இருக்கிறாள். போன் செய்தால் முதலில் ரயிலைப் பற்றித்தான் சொல்லுவாள். வீட்டுக்குப் பின்னால்தான் மின்சார ரயில்களை நிறுத்திவைக்கும் பணிமனை. எந்த வண்டி எப்போது உள்ளே போனது என்றுகூடச் சொல்லுவாள். அன்றைக்கு ரயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"செல்வி, திதிக்கு வரணும்னு சொன்னீல்ல? கொஞ்சம் முன்னாடியே வந்துடு. கைரேகை வைக்கணும்."

"எங்க?"

"ரேஷன் கடையில. கார்டுல பேர் இருக்கிற எல்லாரும் நேர்ல வந்து ரேகை வைக்கணுமாம். வைக்காதவங்க பேரை எடுத்துடுவாங்களாம்."

"நீ போய் வை. அதுக்கு நான் எதுக்கு?"

"உன் பேரும் இருக்கே."

எனக்கு முதலில் புரியவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி, விமானம் ஏறி இருபத்தோரு வருடம் ஆகியிருந்தது. ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கி, அந்த நீக்கல் சான்றை வாங்கிக்கொண்டு போய்ப் புகுந்த வீட்டு அட்டையில் சேர்ப்பார்கள். ஊர் உலகத்தில் தாலி கட்டினால்தான் கல்யாணம். வட்ட வழங்கல் அலுவலகத்தைப் பொறுத்தவரை பெயர் மாறினால்தான் கல்யாணம்.

"என் பேரை இன்னுமா எடுக்கல?" என்று கத்திவிட்டேன். "நான் அந்த ஊர்லயே இல்ல. நான் அங்க இருக்கேன்னு அரசாங்கத்துகிட்ட சொல்றது பொய். தப்பு. நான் வரேன். வந்து ரேகை வைக்க மாட்டேன், பேரை நீக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு வரேன்."

எங்கள் பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம். நாற்பத்தைந்து வருடம் ஆவடியிலும் அண்ணனூரிலும் இருந்ததில் அம்மாவின் பேச்சு பொதுவாகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் பழைய ஊர் எட்டிப் பார்க்கும்.

"ஏட்டி, நீ என்ன பெரிய கலெக்டரா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

3

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் டர்னர். நாங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மதுரை, சேலம், தஞ்சாவூர் என்று எல்லா ஜில்லாக்காரர்களும் ஒரே மாதிரி வீடுகளில், ஒரே சங்குச் சத்தத்துக்கு எழுந்து, ஒரே சங்குச் சத்தத்துக்குச் சாப்பிட்டோம். ஓய்வு பெற்ற பிறகு அப்பா அண்ணனூரில் சின்னதாக ஒரு வீடு கட்டினார்.

அப்பா விதிமுறை மனிதர். சைக்கிளுக்கு விளக்கு இல்லாமல் இருட்டில் ஓட்ட மாட்டார், தள்ளிக்கொண்டு வருவார். எந்த மனு கொடுத்தாலும் அலுவலக முத்திரை குத்திய நகல் இல்லாமல் திரும்ப மாட்டார். "கையில அத்தாட்சி இல்லாம வாசலத் தாண்டாத" என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஜெர்மனியில் எல்லாவற்றையும் தபாலில் அனுப்பலாம், கணினியிலும் செய்யலாம். நான் இன்றைக்கும் நேரில்தான் போவேன், முத்திரை கேட்டு வாங்குவேன். இங்கே இருப்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ரேஷன் அட்டை அப்போது புத்தகம் மாதிரி இருந்தது. வருடா வருடம் உள்தாள் ஒட்டி ஒட்டி அது குண்டாகிவிடும். அப்பா பெயர், அம்மா பெயர், கீழே என் பெயர். வயது மட்டும் பழைய வயதே இருக்கும். நான் கல்லூரிக்குப் போனபோதும் அட்டையில் எனக்கு ஏழு வயது.

அட்டையைச் சரிபார்க்க ஆள் வருவது வழக்கம். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றபடி பெயர் கூப்பிடுவார்கள், நாங்கள் வந்து முகம் காட்ட வேண்டும். நான் ஜெர்மனிக்குப் போன பிறகு ஒரு முறை அப்படி வந்தவர், "செல்வி?" என்று கேட்டிருக்கிறார். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "இப்பதான் கடைக்குப் போனா, வந்துடுவா" என்று சொல்லியிருக்கிறாள். அவரும் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். இதை அம்மாவே ஒரு முறை போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்பா பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். எனக்கு அப்போது கேட்கத் தோன்றியிருக்க வேண்டும், இந்த மனிதர் எப்படி அதைப் பொறுத்துக்கொண்டார் என்று. தோன்றவில்லை. மடியில் கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

4

இந்த நாட்டில் யாரும் வாசலுக்கு வந்து பெயர் கூப்பிட மாட்டார்கள். வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் நாமே போய்ச் சொல்ல வேண்டும். முன்பதிவு செய்து போனால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். முகம் பார்ப்பார்கள், வணக்கம் சொல்லுவார்கள், தாளை நீட்டுவார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்பது வருடம் முன்னால் கயலின் அப்பா எங்களை விட்டுப் போனார். போனவர் அன்றைக்கே நகராட்சி அலுவலகத்தில் முகவரி மாற்றிவிட்டார். மறு வாரம் வேறொரு வேலையாக நான் அங்கே போனபோது, கவுன்ட்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "இப்போது வீட்டில் நீங்களும் மகளும் மட்டும்தான், சரியா?" என்று கேட்டாள். என் சிநேகிதிகளிடம்கூட நான் அதை இன்னும் சொல்லியிருக்கவில்லை. அரசாங்கத்துக்கு முதலில் தெரிந்துவிட்டது. பதற்றத்தில் 'எங்கள் வீட்டில்' என்று ஆரம்பித்து ஏதோ சொன்னேன். நமக்கு எதுவும் 'எங்கள்'தான். ஒற்றைப் பிள்ளையாக இருந்தாலும் எங்க அம்மா, எங்க வீடு என்றுதான் வாயில் வரும். அவளோ நிமிர்ந்து பார்த்து, "எங்கள் என்றால்? வேறு யாராவது இருக்கிறார்களா?" என்றாள். தப்பாகக் கேட்கவில்லை. அவள் வேலையை அவள் செய்தாள். நான் வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரம் அம்மாவிடம் போனில் சொன்னேன். நீளமாக மூச்சு விட்டாள். யாரையும் திட்டவில்லை. திரும்பி வா என்றும் சொல்லவில்லை. கடைசியில், "செல்வி, உன் பேரு இங்க கார்டுல அப்படியேதான் இருக்கு, தெரியும்ல?" என்றாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. குடி முழுகிப்போய் நிற்கிறேன், இவள் ரேஷன் கார்டைப் பற்றிப் பேசுகிறாளே என்று. "இருந்தா எடுத்துடு" என்றேன். அம்மா வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். எடுத்திருப்பாள் என்று நானும் மறந்துபோனேன்.

அதற்கு அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது, ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் நடக்கிறது என்று என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆதார் எடுக்க வைத்தாள். வெயிலில் மூன்று மணி நேரம். "எனக்கு எதுக்கு இது?" என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்றாள். எதற்கு ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கார்டில் பெயர் நிலைக்க ஆதார் இணைக்க வேண்டியிருந்தது.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் பெயரை மட்டும் காரியம் முடிந்த மறு மாதமே அம்மா நேரில் போய் எடுத்துவிட்டு வந்தாள். "செத்தவங்க பேர்ல சாமான் வாங்கறது பாவம்" என்றாள். அந்த நாணயத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

5

பெயர் நீக்கல் மனுவை நான் இங்கேயே எழுதி அச்சடித்து எடுத்துக்கொண்டுதான் போனேன். விமான நிலையத்திலிருந்து போகும் வழியில் வானகரத்தில் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. ஓட்டுநர், குத்தம்பாக்கத்தில் புதுப் பேருந்து நிலையம் வருவதால் நிலம் என்ன விலை ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டே வந்தார். நான் பைக்குள் மனு இருக்கிறதா என்று இரண்டு தரம் தொட்டுப் பார்த்தேன்.

மறுநாள் காலை அம்மா குளித்து, இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு, கையில் இரண்டு பைகளோடு நின்றாள். "கடைக்கு வா" என்றாள். மனுவைப் பற்றிச் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சரி, அம்மாவின் ரேகையை வைத்துவிட்டு அப்படியே என் பெயரை நீக்குவது பற்றிக் கேட்டுவிட்டு வரலாம் என்று கூடப் போனேன்.

கடையில் நல்ல கூட்டம். பருப்பு வந்திருக்கிறது என்று செய்தி பரவியிருந்தது. பில் போடும் பெண்ணுக்கு வசந்தி என்று பெயர். அம்மாவையும் பக்கத்தில் நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரும்மா இது?"

"என் பொண்ணு. செல்வி."

வசந்தி இருந்த இடத்தைவிட்டு எழுந்தேவிட்டாள். "அய்ய, நெஜமாவே ஒரு பொண்ணு இருக்குதா உனுக்கு? நான் இந்தக் கடைக்கு வந்து ஏழு வருசம் ஆவுது. எப்ப கேட்டாலும் கடைக்குப் போயிகீது, கடைக்குப் போயிகீதுன்னுவே. இப்பதான் கடையிலேர்ந்து வருதா?"

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. பின்னால் காலி எண்ணெய் கேனோடு நின்ற ஒரு பெரியவர், "எந்தக் கடைம்மா போன? அங்க பருப்பு கெடச்சுதா?" என்று என்னையே கேட்டார். நானும் சிரித்துவிட்டேன்.

"நாங்கோ இன்னா நெனச்சோம்னா," என்று வசந்தி குரலைத் தாழ்த்தினாள், "பொண்ணு தவறிப்போயிருக்கும், ஆயா மனசு கேக்காம சொல்லிக்கினு கீதுன்னு நெனச்சோம். அதான் ஒண்ணும் கேக்கமாட்டோம். தப்பா எடுத்துக்காதக்கா."

என் பங்கு அரிசியையும் அம்மா சேர்த்து வாங்கினாளா என்று நான் மெல்லக் கேட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இரண்டு மாதமாகவே இருந்தது.

"எங்க வாங்கிச்சு! ஒரு ஆளுக்குத்தான் வாங்கும். இன்னொருத்தருக்கு வேணாமான்னு கேட்டா, என் பொண்ணு அரிசி துன்றதில்ல, டயட்டுல கீதுன்னு சொல்லும்."

அம்மா இதையெல்லாம் காதில் வாங்காதவள் போல முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்தது. கருவியில் கட்டைவிரலை வைத்தாள். கருவி ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல். அதுவும் இல்லை. "தலையில தேச்சுட்டு வை ஆயா" என்றாள் வசந்தி. கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரேகை விழுமாம். அம்மா ஒவ்வொரு விரலாகத் தலையில் தேய்த்துத் தேய்த்து வைத்தாள். இடது கை, வலது கை, பத்து விரலும் ஆயிற்று. ஒவ்வொரு தரமும் கருவி ஒரே குரலில் இல்லை என்றது. பாத்திரம் துலக்கித் துலக்கி அம்மாவின் விரல்கள் வழவழவென்று ஆகியிருந்தன. நான் அந்த விரல்களைக் கிட்டத்தில் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"போன ரெண்டு மூணு மாசமாவே இப்படித்தான்" என்றாள் வசந்தி. "கண்ணு பாக்குற மெஷினு அடுத்த வாரம் வரும், அதுல எடுத்துக்கலாம். நீ வை அக்கா."

நான் அங்கே சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. நான் இங்கே வசிக்கவில்லை, என் பெயரை எடுத்துவிடுங்கள். அதற்காகத்தான் அத்தனை மைல் வந்திருந்தேன். மனு தோளில் தொங்கிய பையில்தான் இருந்தது. அம்மா என் பக்கம் திரும்பவில்லை. கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸா ஃபெயிலா என்று பார்க்கப் பள்ளிக்கூட வாசலில் நின்ற காலத்தில் இதே மாதிரிதான் நிற்பாள்.

நான் விரலை வைத்தேன். முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது.

அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் எழுந்து, வாசல் பெருக்கி, தண்ணி பிடித்து, தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவளை அந்தக் கருவிக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் பெட்டியோடு வந்து இறங்குகிற என்னைத் தெரிந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஆயா, உன் பொண்ணு பேர்லதான் பில்லு போட்டுகீறேன்" என்றாள் வசந்தி. "பாரு, உன் ஊட்டுல இன்னிக்கு அதுதான் கீது, நீ இல்ல."

"அவ இருந்தா போதும்" என்றாள் அம்மா. பிறகு பெரியவர் பக்கம் திரும்பி, சத்தமாகவே, "வந்துடுவான்னு சொன்னேன்ல?" என்றாள்.

6

வீட்டுக்கு வந்து பருப்பை டப்பாவில் கொட்டினாள். நான் பையிலிருந்து மனுவை எடுத்து மேஜையில் வைத்தேன். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, ஆனால் ஒரு நியாயத்துக்காவது பேச வேண்டும் என்று தோன்றியது.

"அம்மா, அப்பா எப்படிப்பட்டவர்! அவர் இருக்கும்போதே நீ இதப் பண்ணியிருக்க. அப்பாவை ஏமாத்திட்டு எப்படிம்மா?"

அம்மா உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பழைய பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து என் மனுவின் மேலேயே வைத்தாள்.

உள்ளே மூன்று தாள்கள். மூன்றும் வட்ட வழங்கல் அலுவலர் அவர்களுக்கு அப்பா எழுதிய மனுக்கள். 'ஐயா, என் மகள் செல்விக்குத் திருமணமாகி வெளிநாட்டில் வசித்து வருவதால் மேற்படி குடும்ப அட்டையிலிருந்து அவள் பெயரை நீக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' மூன்றிலும் அதே வாசகம். முதல் தாளில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. மூன்றாவதில் கோடு கொஞ்சம் நடுங்கியிருந்தது. எதிலும் முத்திரை இல்லை.

"நான் ஒண்ணும் ஒளிச்சு வைக்கல" என்றாள் அம்மா. "மொத தடவ, நீ ஏறிப்போன மறு மாசம் எழுதினாரு. எழுதி, சைக்கிள எடுத்துக்கிட்டு ஆபீசுக்குப் போனாரு. மத்தியானம் திரும்பி வந்தாரு. குடுத்தாச்சான்னு கேட்டேன். கூட்டமா இருந்துச்சுன்னாரு."

"அப்புறம்?"

"கயல் பொறந்தப்ப ஒரு தடவ போனாரு. அப்பவும் கூட்டம்னாரு. பழைய அட்டைய மாத்திப் புது அட்டை குடுக்கப்போறாங்கன்னு சொன்னப்ப மூணாவது தடவ. அன்னிக்கு நானும் கூடப் போனேன். உள்ள ரெண்டே பேர்தான் நின்னாங்க. இவரு வாசல்ல நின்னு போர்டைப் படிச்சாரு. முழுசாப் படிச்சாரு. அப்புறம் வா போலாம்னாரு. ஏங்கன்னேன். கூட்டமா இருக்கு பாரு, இன்னொரு நாள் வரலாம்னாரு. நான் ஒண்ணும் சொல்லல."

நான் மூன்றாவது தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

"அப்புறம் உன் வீட்டுல அந்த மாதிரி ஆச்சுல்ல, அதுக்குப் பிறகு எழுதவே இல்ல. இத உறையில போட்டு உள்ள வச்சாரு. இருக்கட்டும், புள்ளைக்கு வந்து நிக்க ஒரு இடம்னு வேணும்ல, அப்படின்னாரு. அவ்வளவுதான்."

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். பின்னால் பணிமனைக்குள் ஒரு வண்டி மெதுவாகப் போனது. அத்தாட்சி இல்லாமல் வாசலைத் தாண்டாதே என்ற மனிதர் மூன்று தடவை அத்தாட்சி இல்லாமல் வந்திருக்கிறார். என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வருடத்துக்கு ஐம்பது போன் பேசியிருப்போம். உடம்பு எப்படி, குளிர் எப்படி, கயல் எப்படி என்பதைத் தாண்டி நாங்கள் எதுவும் பேசியதில்லை. அன்றைக்குத்தான் அப்பாவுக்காக நான் சரியாக அழுதேன் என்று நினைக்கிறேன். ஆறு வருடம் முன்னால் வந்து சேர்ந்தபோது காரியமே முடிந்துபோயிருந்தது.

என் மனுவையும் அதே உறையில் நான்காவதாக வைத்தேன். அடுத்த வாரம் கண் பார்க்கும் கருவி வந்து அம்மாவையும் ஏற்றுக்கொண்டது. அப்பாவின் திதியும் முடிந்திருந்தது, அதற்கு மறுநாள் நான் விமானம் ஏறினேன். கிளம்பும்போது அம்மா எப்போதும் போல வாசலில் நிற்காமல், பையை எடுத்துக்கொண்டு கூடவே தெருமுனை வரை வந்தாள். எதிரே வந்த பக்கத்து வீட்டுப் பெண், "அக்கா கிளம்பிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல, கடைக்குப் போறா" என்றாள் அம்மா.

7

அம்மா நேற்றும் போன் செய்தாள். அவள் கண் கருவிக்குப் பழகிவிட்டதாம். என் பேர் கார்டில் இருக்கிறதாம். நான் தப்பு செய்கிறேன் என்று எனக்குத் தெரியும். யாராவது கேட்டால் ஒப்புக்கொள்வேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

இங்கே மட்டும் கேட்டுவிட்டார்கள். கட்டத்தில் ஓர் எண்ணை எழுத வேண்டும்.

கயல் போன பிறகு வீட்டில் சத்தம் இல்லை. அழைப்பு மணிக்குப் பக்கத்தில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. அவளுக்கு வரும் கடிதங்கள் இங்கேயே வந்துவிடுகின்றன, என் பெயரை எடுத்துவிடு என்று சொல்லிவிட்டாள். ஸ்டிக்கரை உரிக்க நகத்தை வைத்தேன், வரவில்லை என்று விட்டுவிட்டேன். பெரிய தொட்டி வாரா வாரம் பாதிகூட நிறைவதில்லை. தெருவில் மற்றவர்கள் தொட்டியெல்லாம் மூடி திறந்து நிற்கும்போது என்னுடையது இறுக மூடிக்கிடக்கும். அதைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருவோரம் வைக்கும்போது உள்ளே ஒற்றைப் பை உருளும் சத்தம் கேட்கும். செவ்வாய்க்கிழமை காலைகளில் அதைக் கேட்கவே பிடிக்காது.

அவள் இங்கே திரும்பி வந்து இருக்கப்போவதில்லை. அதுவும் தெரியும். நான் அண்ணனூருக்குத் திரும்பிப் போய் இருக்கப்போவதில்லை என்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்த மாதிரிதான்.

இன்று வேலைக்கு அரை நாள் விடுப்பு எடுத்தேன். காலையில் படிவத்தைக் கழற்றி, கட்டத்தில் ஒன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். நகராட்சி அலுவலகத்துக்கு நடந்து போனேன். கூடத்தில் வரிசையாகப் பன்னிரண்டு நாற்காலிகள், ஒன்றில்கூட ஆள் இல்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த பெண் என்னைப் பார்த்து, "வாருங்கள், உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று சிரித்தாள். ஒரு நிமிடம் என்றேன். சுவரில் அறிவிப்புப் பலகை இருந்தது. நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு அறிவிப்பு, பழைய மரச்சாமான்களை எப்போது வெளியே வைக்கலாம் என்று ஒரு அறிவிப்பு, தொலைந்துபோன ஒரு சைக்கிளின் படம். எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பிறகு அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மாலையில் கயல் போன் செய்தாள்.

"படிவம் கொடுத்தாச்சா?"

"போனேன். கொடுக்கல."

"ஏன்?"

நான் அதை மறுபடியும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைத்துக் காந்தத்தை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"ஒரே கூட்டம், கயல்" என்றேன்.